கேஸ்னா ஏன் ‘விழறது’? வேற்றுமை பாடம் படிக்கற மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

இந்தக் கேள்வியெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?

கத்ர் போர்ன் பக்கம் சாயங்காலத்துல நான் தமிழ் சொல்லித் தர்றேன். நம்ம பசங்க நிலைமை உங்களுக்கே தெரியும், ஸ்கூல்ல கணக்கு சயின்ஸ் எல்லாம் இங்க்லீஷ்ல, கூடவே பிரெஞ்சு, வீட்லயும் விளையாட்டுலயும் க்ரியோல், அதுக்கு மேல தமிழ் ஒரு பாடம். வேற்றுமை உருபு பாடம் வந்ததும் இங்க்லீஷ் விளக்கத்துல ‘கேஸ்’னு ஒரு சொல் வருது, பின்னாடியே நாமினேடிவ், அக்யூசடிவ், டேடிவ்னு ஒரு பட்டியல், பசங்க அங்கதான் முழிக்கறாங்க. கேஸ்னா கோர்ட்டு கேஸா, சூட்கேஸா, க்ரியோல்ல வீட்டுக்குச் சொல்ற நம்ம லகாஸா? அக்யூஸ்னா குத்தம் சொல்றதாச்சே, சோறு சாப்பிட்டேன்னா சோத்து மேல என்ன குத்தம்? கேக்கறது ரொம்ப நியாயமான கேள்வி. பெத்தவங்களும் அதையே கேக்கறாங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

கேஸ்ங்கற சொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன?

விழறது. லத்தீன்ல ‘காதெரெ’ன்னா விழு, அதுலேர்ந்து வந்த பெயர்ச்சொல் ‘காஸுஸ்’. அது பழைய பிரெஞ்சுக்கு வந்து தேஞ்சு இன்னைக்கு ‘கா’ன்னு மட்டும் கேக்குது. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் புடிச்சதுக்கு அப்பறம் பிரெஞ்சு சொல்லுங்க கூட்டங்கூட்டமா இங்க்லீஷுக்குள்ள போச்சு பாருங்க, அந்த வரிசையில இதுவும் போச்சு, மொதல்ல ‘நேர்ந்த சங்கதி’ங்கற அர்த்தத்துல, 14ஆம் நூற்றாண்டு வாக்குல இலக்கணச் சொல்லாவும்.

ஆனா ரோமானியருங்க இதைத் தாங்களா யோசிச்சு வைக்கல. கிரேக்கத்துல இதுக்கு ‘ப்டோசிஸ்’னு பேரு, ‘பிப்டேய்ன்’ அதாவது விழுங்கற வினைலேர்ந்து வந்தது. அதை அப்படியே தன் மொழில பெயர்த்து வச்சதுதான் காஸுஸ். இந்தப் பெயர்க்கற வேலை அதோட நிக்கவும் இல்ல. ஜெர்மன்ல வேற்றுமைக்குப் பேரு ‘ஃபால்’, விழறது. ரஷ்யன்ல ‘பதேஜ்’, அதுவும் விழறதுதான். டச்சுல ‘நாம்ஃபல்’, பெயர் விழறது; 1638லேர்ந்து 1710 வரைக்கும் இந்தத் தீவுல குடியிருந்து, அதுக்கு முன்னாடியே தங்களோட இளவரசர் மௌரிட்ஸ் பேரை இதுக்கு வச்ச அதே டச்சுக்காரங்க பேச்சுதான். ஏதென்ஸ்ல யாரோ ஒருத்தர் மனசுல விழுந்த ஒரு படம், ஐரோப்பா முழுக்க ஸ்கூல் புத்தகம் வரைக்கும் போயிருக்கு.

சரி, பெயர்ச்சொல் எங்கேர்ந்து எங்க விழுது?

இதைத்தான் கிரேக்கருங்களே தலைமுறை தலைமுறையா சண்டை போட்டாங்க, எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான்.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ப்டோசிஸ்ங்கற சொல்ல ரொம்ப அகலமா பயன்படுத்தினார். ஒரு சொல்லு தன்னோட நேர் வடிவத்துலேர்ந்து எப்படி மாறினாலும் அது ப்டோசிஸ். ‘ஃபிலோன்’ங்கறது பெயர், ‘ஃபிலோனோட’, ‘ஃபிலோனுக்கு’ங்கறதெல்லாம் பெயர் இல்ல, பெயரோட ப்டோசிஸ்னு எழுதறார். வினைக்கும் அப்படித்தான், ‘குணமாகறான்’ங்கறது வினை, ‘குணமானான்’, ‘குணமாவான்’ ரெண்டும் அந்த வினையோட ப்டோசிஸ். அதாவது நேரா நிக்கற ஒண்ணுலேர்ந்து சரிஞ்சு விழுந்த வடிவம்.

அதுக்கு அப்பறம் வந்த ஸ்டோயிக் தத்துவக்காரங்க இதைப் பெயர்ச்சொல்லுக்கு மட்டும்னு சுருக்கினாங்க. அவங்கள்ல பெரிய ஆளு கிரிசிப்பஸ், ‘ஐந்து ப்டோசிஸ் பற்றி’ன்னே தனி நூல் எழுதியிருக்கார், நூல் அழிஞ்சு போச்சு, பேரு மட்டும் தத்துவக்காரங்க வரலாறு எழுதின டயோஜெனீஸ் லயெர்ஷியஸ் எழுதி வச்ச பட்டியல்ல தங்கியிருக்கு. ஸ்டோயிக்குங்க என்ன சொன்னாங்கன்னா, ‘ஃபிலோன்’ங்கற நேர் வடிவமும் ஒரு ப்டோசிஸ்தான். உடனே அரிஸ்டாட்டில் வழி வந்தவங்க மடக்கினாங்க, மத்ததெல்லாம் நேர் வடிவத்துலேர்ந்து விழுது சரி, நேர் வடிவம் எதுலேர்ந்து விழுந்துச்சு? அதுக்கு ஸ்டோயிக் பதில், மனசுல இருக்கற எண்ணத்துலேர்ந்து விழுந்துச்சு. அப்படின்னா அதை ஏன் ‘நேர்’னு சொல்றீங்க, விழுந்தது எப்படி நேரா நிக்கும்? எழுத்தாணிய மேலேர்ந்து போட்டா சில நேரம் நட்டுக்குத்தா தரையில குத்தி நிக்குது இல்லையா, அந்த மாதிரி நேரா விழுந்த விழுகை. இந்த வாக்குவாதத்த அலெக்சாண்ட்ரியாவுல பாடம் நடத்தின அம்மோனியஸ் பதிவு பண்ணி வச்சதால நமக்குக் கெடச்சிருக்கு.

இப்ப இலக்கணப் புத்தகத்துல ‘ஒப்ளீக்’னு ஒரு சொல் வரும், எழுவாய் தவிர மத்த வேற்றுமைங்களுக்கு. ஒப்ளீக்னா சாய்வு. வேற்றுமை வரிசைய ‘டிக்ளென்ஷன்’னு சொல்றாங்க, அதுவும் சாயறதுதான். ஒரே படத்தோட துண்டுங்க இதெல்லாம், ஒண்ணு நேரா, மத்தது சாஞ்சு. பகடைக்காய் எந்தப் பக்கம் விழுதுங்கறதுலேர்ந்து வந்த படம்னு சொல்ற ஆய்வாளருங்களும் உண்டு. எனக்கு எழுத்தாணிதான் மனசுல நிக்குது, ஓலையில எழுதின மொழிக்காரங்க நாம, எழுத்தாணின்னா நமக்குச் சட்டுனு புரியும்.

லகாஸ், கேஸ், கா… க்ரியோல்ல எல்லாம் ஒரே மாதிரி கேக்குதே, ஒரே சொல்லா?

இல்ல. மூணும் மூணு வேர், இதைப் பிரிச்சு வச்சுக்கங்க.

வீட்டுக்கு நாம சொல்ற ‘லகாஸ்’ பிரெஞ்சு ‘லா காஸ்’, லத்தீன் ‘காஸா’, குடிசை. பக்கத்துத் தீவு ரீயூனியன்ல பழைய மர வீட்டைக் ‘காஸ் க்ரியோல்’னு சொல்றதும் அதுதான். போர்ட் லூயிஸ் கோடான்ல இருக்கே காசினோ, அந்தச் சொல்லும் இத்தாலியன்ல சின்ன வீடுங்கற அர்த்தத்துல இதே வேர்லேர்ந்து வந்தது.

கடைல பணம் கட்டற எடத்தப் பிரெஞ்சுல ‘கேஸ்’னு சொல்றோமே, பெட்டின்னும் அர்த்தம், அது லத்தீன் ‘காப்ஸா’. சூட்கேஸ், பென்சில் கேஸ்ல இருக்கற கேஸும் அதே காப்ஸாதான், ரொக்கங்கற அர்த்தத்துல வர்ற இங்க்லீஷ் ‘கேஷ்’ஷும் அந்தப் பெட்டிக்குள்ளேர்ந்துதான். (ஆனா கீழ்த்திசைச் சில்லறை நாணயத்துக்குப் பழைய இங்க்லீஷ் வியாபாரிங்க ‘கேஷ்’னு எழுதினாங்க பாருங்க, அது வேற, அது நம்ம ‘காசு’ போர்ச்சுகீஸ் வாய்ல புகுந்து போனது. ரெண்டும் ஒரே எழுத்துல வந்து உக்காந்துடுச்சு.)

மூணாவது, விழறதுலேர்ந்து வந்த ‘கா’. இலக்கணத்துல வர்றது இது மட்டும்தான்.

அப்பர் கேஸ், லோயர் கேஸ்?

பெட்டி. அச்சுக்கூடத்துல ஈய எழுத்துங்கள அடுக்கி வைக்கற பெட்டிங்கள்ல மேல் பெட்டில பெரிய எழுத்து, கீழ்ப் பெட்டில சின்ன எழுத்து. வேற்றுமைக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது, தமிழுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்துங்கற தொல்லையும் கெடையாது.

கோர்ட்டு கேஸ்?

அது இதே சொல்லுதான். மேல வந்து விழுந்தது, நேர்ந்தது, அப்பறம் விசாரிக்க வேண்டிய சங்கதி. ஆஸ்பத்திரில ‘சீரியஸ் கேஸ்’ங்கறதும், ‘இன் கேஸ்’ங்கறதும் அப்படியே. காதெரெ குடும்பம் ரொம்பப் பெருசு. ஆக்சிடென்ட்னா மேல வந்து விழுந்தது. நாம ‘போன் சான்ஸ்’னு வாழ்த்தறோமே, அந்தச் சான்ஸும் விழறதுதான், பகடை விழற விதம். மேற்குத் திசைக்குப் பிரெஞ்சுல ஆக்சிடென்ட் மாதிரியே கேக்கற ஒரு சொல் இருக்கே, ‘ஓக்சிதான்’, சூரியன் விழற பக்கம். ஹென்ரியேட்டா பக்கத்துல பசங்க நடந்து போய்ப் பாக்கற ‘செத் காஸ்காத்’, ஏழு நீர்வீழ்ச்சி, அந்தக் காஸ்காத்தும் இத்தாலியன் வழியா இதே வேர். வகுப்புல இதைச் சொன்னா பசங்க மூஞ்சி மலர்ந்துடும், தினம் வாய்ல வர்ற சொல்லுங்க ஆச்சே.

அக்யூசடிவ்னா குத்தம் சாட்டறதா? யாரை?

யாரையும் இல்ல. இது மொழிபெயர்ப்புல நடந்த தப்புன்னு பெரும்பாலான ஆய்வாளருங்க சொல்றாங்க, எப்படின்னு பாருங்க.

கிரேக்கத்துல ரெண்டாம் வேற்றுமைக்குப் பேரு ‘ஐதியாதிகே’. இது ‘ஐதியா’ங்கற சொல்லோட தொடர்புள்ளது, அந்த ஐதியாவுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, ஒண்ணு காரணம், இன்னொண்ணு பழி. இலக்கணக்காரங்க மனசுல வச்சது காரணம்ங்கற அர்த்தம், ஒரு செயலால விளைஞ்சது எதுவோ அதைச் சுட்டற வேற்றுமை. ‘வீட்டைக் கட்டினேன்’னா கட்டறதால உண்டானது வீடு. லத்தீன்காரங்க அந்தப் பழிங்கற அர்த்தத்த எடுத்துக்கிட்டு, ‘ஐதியாஒமாய்’, பழி சொல்றேன்ங்கற வினையோட சேத்து, ‘அக்குஸாரெ’, குத்தம் சாட்டுன்னு பெயர்த்துட்டாங்க. கி.மு. முதல் நூற்றாண்டுல ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதறப்பவே ‘குத்தம் சாட்டற காஸுஸ்’னுதான் இருக்கு. அவருக்கு ஐந்நூறு அறுநூறு வருஷம் கழிச்சு கான்ஸ்டான்டிநோபிள்ல லத்தீன் இலக்கணம் நடத்தின ப்ரிஸ்கியன், காரணத்தோட சேர்ந்த ‘கௌஸாதிவுஸ்’ங்கற பேரையும் பக்கத்துல வைக்கறார், ஆனா அதுக்குள்ள பழைய பேரு ஊறிப் போச்சு. அங்கேர்ந்து பிரெஞ்சு ‘அக்யூசாதிஃப்’, இங்க்லீஷ் ‘அக்யூசடிவ்’, அங்கேர்ந்து ரோஸ் ஹில்ல ஒரு பிள்ளையோட நோட்டுப் புத்தகம்.

அதனால ‘அக்யூசடிவ்னா என்ன அர்த்தம் மிஸ்’னு ஒரு பிள்ளை கேட்டா, அந்தப் பேருக்குள்ள தேடாதே, அங்க ஒண்ணும் கெடைக்காதுன்னு சொல்லிடறேன். அர்த்தம் புரியலங்கறது பிள்ளையோட குறை இல்ல. இதைக் கேட்ட ஒரு அம்மா, ‘அப்ப இத்தனை நாளா எனக்குப் புரியாததும் அதனாலதானா டீச்சர்’னு கேட்டாங்க. ஆமாம்மா, அதனாலதான்.

மத்த வேற்றுமைப் பேருங்களாவது ஒழுங்கா இருக்கா?

சிலது இருக்கு. நாமினேடிவ், பெயரிடறது. வோகேடிவ், கூப்பிடறது, நம்ம ‘விளி’யும் அச்சு அசலா அதேதான். டேடிவ், கொடுக்கறது, லத்தீன் ‘தாரெ’, கிரேக்கத்துலயும் கொடுக்கற வேற்றுமைதான். ஜெனிடிவ் கொஞ்சம் வழுக்கல், கிரேக்கத்துல ‘கெனிகே’ன்னா இனத்தச் சுட்டறதுன்னு எடுத்துக்கணும், லத்தீன்காரங்க பொறப்புங்கற பக்கம் கொண்டு போயிட்டாங்க. ஆப்லேடிவ் கிரேக்கத்துல கெடையாது, தூக்கிட்டுப் போறதுங்கற அர்த்தத்துல லத்தீன்காரங்க வச்சுக்கிட்டது, வார்ரோ அதை ஆறாவது காஸுஸ்னும் லத்தீன் காஸுஸ்னும் சொல்றார்.

தமிழ்ல ஏன் ‘வேற்றுமை’? நமக்கும் ஏதாவது விழுதா?

நமக்கு எதுவும் விழல. ‘ஏற்கும் எவ்வகைப் பெயர்க்கும் ஈறாய்ப் பொருள் வேற்றுமை செய்வன எட்டே வேற்றுமை’ன்னு 13ஆம் நூற்றாண்டு நன்னூல்ல பவணந்தி முனிவர் சொல்றார். பெயரோட கடைசில வந்து ஒட்டி, பொருளை வேற ஆக்குது, அதனால வேற்றுமை. என்ன வேலை செய்யுதோ அதுவே பேரு.

அதுக்கு ரொம்ப முந்தின தொல்காப்பியம் இன்னும் நேரடி. ‘வேற்றுமை தாமே ஏழென மொழிப’, அடுத்து ‘விளி கொள்வதன்கண் விளியோடு எட்டே’. உடனே அந்த எட்டையும் வரிசையா அடுக்கறார், பெயர், ஐ, ஒடு, கு, இன், அது, கண், விளி. ரெண்டாம் வேற்றுமைக்கு அவர் என்ன பேரு வைக்கறார் தெரியுமா? ‘ஐ எனப் பெயரிய வேற்றுமைக் கிளவி’. பேரே ஐ! நாலாவதுக்கு ‘கு எனப் பெயரிய’. உருபு எதுவோ அதுதான் பேரு, அதுதான் அடையாளம். குத்தமும் இல்ல, பொறப்பும் இல்ல, குழந்தை காதால கேக்கற அந்த ஒலிய எடுத்துப் பேரா வச்சுட்டார். இத்தனை வருஷம் சொல்லித் தர்றதுல எனக்கு இதைவிடத் தெளிவான பேரு கெடைக்கல.

முதல் வேற்றுமை பத்தி ‘எழுவாய் வேற்றுமை பெயர் தோன்று நிலையே’ன்னு ஒரு வரி. எழுவாய், எழற எடம். கிரேக்கருங்க முதல் வேற்றுமை எங்கேர்ந்து விழுந்துச்சுன்னு மல்லுக்கட்டினாங்க, இங்க பெயர் எழுது, தோணுது, அப்படியே நிக்குது, உருபு ஒண்ணும் வேணாம். அந்தச் சண்டை தமிழ்ல வர்றதுக்கே வழியில்ல.

நம்பர் போட்டு வரிசையா வச்சது சமஸ்கிருதத்தப் பாத்துதானே?

வரிசை ஒத்துப் போகுது, அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்ல. பாணினி மரபுல விபக்தின்னு பேரு, அதுக்கு அர்த்தம் பிரிவு, முதலாவது ரெண்டாவதுன்னு ஏழு வரைக்கும் எண்தான். எழுவாய், செயப்படுபொருள், கருவி, கொடை, நீங்கல், உடைமை, இடம்னு அதே ஒழுங்கு தமிழ்லயும் வருது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடின பனம்பாரனாரே ‘ஐந்திரம் நிறைந்த தொல்காப்பியன்’னு வடமொழி இலக்கணம் தெரிஞ்சவர்னுதான் பெருமையாச் சொல்றார். ஆனா வரிசைய எடுத்துக்கிட்டவர் பேரை எடுத்துக்கல, ஐ, கு, கண்னு தமிழ் ஒலியத்தான் பேரா வச்சார். எனக்கு முக்கியமாப் படறது அதுதான்.

அப்ப லத்தீன் பேரு தமிழ்ப் பாடத்துக்குள்ள எப்ப நுழைஞ்சது?

பாதிரிமாருங்க தமிழ் கத்துக்க ஆரம்பிச்சப்ப. 16ஆம் நூற்றாண்டு நடுவுல முத்துக்குளித்துறைல இருந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் போர்ச்சுகீஸ்ல தமிழ் இலக்கணம் எழுதினார், அவர் படிச்சு வளர்ந்தது லத்தீன் இலக்கணம், அந்தச் சட்டத்துலதான் தமிழையும் அடுக்கினார். 1716ல ஜெர்மனில ஹாலேங்கற ஊர்ல சீகன்பால்கு எழுதின தமிழ் இலக்கணம் லத்தீன்லயே அச்சாச்சு, அப்பறம் வீரமாமுனிவரோட கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீன்ல. அவங்களுக்கு அது தப்பே இல்ல, ஐரோப்பாவுலேர்ந்து வர்ற இன்னொரு பாதிரியாருக்குப் புரியணும்னா அவருக்குத் தெரிஞ்ச பேர்லதானே சொல்லணும். அந்தப் புத்தகங்களோட உழைப்புக்கு நான் தலை வணங்கறேன்.

1856ல கால்டுவெல் தன்னோட ஒப்பிலக்கணத்துல வேற ஒரு கேள்வி எழுப்பினார், திராவிட மொழில பெயருக்குப் பின்னாடி சொல்லு ஒட்டிக்கிட்டே போகலாம், அப்ப எட்டுன்னு நிறுத்த என்ன காரணம்? ‘மேல’, ‘கிட்ட’, ‘வரைக்கும்’, ‘இருந்து’ன்னு எத்தனையோ இருக்கே. இதுல நிஜம் இருக்குன்னு எனக்கும் தோணுது. பேச்சுல ‘லேர்ந்து’ இல்லாம அஞ்சாம் வேற்றுமையே இல்ல.

நம்ம ஊர் விஷயம் என்னன்னா, நம்ம பிள்ளைங்க யாரும் ஐரோப்பாவுலேர்ந்து வர்ற பாதிரியார் இல்ல. லத்தீன் படிச்சுட்டுத் தமிழுக்கு வரல. அவங்களுக்கு அந்தப் பேரு பாலமா இருக்காது, இன்னொரு புது மொழிதான்.

க்ரியோல்ல வேற்றுமை இருக்கா?

கொஞ்சம் இருக்கு, பிள்ளைங்களுக்கே தெரியாம தினம் பயன்படுத்தறாங்க. ‘மோ’ன்னா நான், ‘ம்வா’ன்னா என்னை. ‘மோ த்ரூவ் லி’, நான் அவனைப் பாக்கறேன், ‘லி த்ரூவ் ம்வா’, அவன் என்னைப் பாக்கறான். ‘தோ’வும் ‘த்வா’வும் அப்படியே. ஆனா ‘லி’ ரெண்டு எடத்துலயும் லிதான், பெயர்ச்சொல்லுங்களும் மாறாது. மத்ததுக்கெல்லாம் முன்னாடி ஒரு சொல்லு வைக்கறோம், ‘பூ மாலா’ மாலாவுக்கு, ‘தான் லகாஸ்’ வீட்ல, ‘தெபி ரோஸ் ஹில்’ ரோஸ் ஹில்லேர்ந்து. க்ரியோல் முன்னாடி வைக்கறத தமிழ் பின்னாடி ஒட்டுது. இந்த ஒரு வரிய நல்லா மனசுல பதிய வச்சுட்டா பாதி பாடம் முடிஞ்சுது.

‘ஐ’ எப்ப போடணும் எப்ப வேணாம்? தமிழ்ப் படங்கள்ல சில நேரம் போடவே மாட்டேங்கறாங்களே?

நல்லா கவனிச்சிருக்கீங்க. ‘தண்ணி குடிச்சேன்’னும் சொல்லலாம், ‘தண்ணிய குடிச்சேன்’னும் சொல்லலாம், ரெண்டும் சரி, ஆனா ஒண்ணு இல்ல. மொதல் வாக்கியத்துல ஏதோ தண்ணி. ரெண்டாவதுல நமக்கு முன்னமே தெரிஞ்ச தண்ணி, அங்க டம்ளர்ல இருந்துச்சே அது.

இதை இங்க்லீஷ் வழியா விளக்கினா ‘டெஃபினிட் ஆப்ஜெக்ட்’னு நீளமாப் போகும், க்ரியோல் வழியா ஒரே நிமிஷம். ‘மோன் ப்வார் திலோ’, ‘மோன் ப்வார் திலோ லா’. பின்னாடி அந்த ‘லா’ வருது பாருங்க, செயப்படுபொருளுக்கு அந்த லா வர்ற எடத்துலதான் பெரும்பாலும் தமிழ்ல ஐ வரும். ‘ப்ரேத் முரூம் வாங்கினேன்’னா முருங்கைக்கீரை வாங்கினேன். ‘ப்ரேத் முரூம் லா’ன்னா முருங்கைக்கீரைய. பின்னாடி ஒட்டறதுலகூட ரெண்டும் ஒண்ணாப் போகுது. அக்யூசடிவ்னு சொன்னப்ப வெறிச்சுப் பாத்துட்டு இருந்த பசங்க இதைச் சொன்னதும் தாங்களாவே உதாரணம் சொல்ல ஆரம்பிச்சுடறாங்க.

மனுஷங்க வந்தா மட்டும் இந்தச் சலுகை கெடையாது, ஐ கட்டாயம். ‘அம்மாவ பாத்தேன்’தான், ‘அம்மா பாத்தேன்’னா அம்மா எங்கன்னே புரியாது. பேரு சொன்னாலும் அப்படியே, மாலாவ, குமார. ஆடு மாடுக்கு ரெண்டும் செல்லும், ‘மாடு வாங்கினார்’, ‘மாட்டை வித்தார்’.

‘எனக்குப் பசிக்குது’, இதுல யாரு யாருக்கு என்ன கொடுக்கறாங்க?

யாரும் எதுவும் கொடுக்கல. டேடிவ்னா கொடுக்கறதுன்னு மனப்பாடம் பண்ண பிள்ளை இங்க வந்துதான் மாட்டிக்குது. க்ரியோல்ல ‘மோ ஃபேன்’, நான் பசி, பிரெஞ்சுல எனக்குப் பசி இருக்குன்னு சொல்ற எடத்துல ‘நான்’தான் எழுவாய், இங்க்லீஷ்லயும் அப்படி. அதனால பிள்ளைங்க ‘நான் பசிக்குது’ன்னு ஆரம்பிச்சுடறாங்க. தமிழ்ல பசி, தாகம், வலி, தெரியறது, புரியறது, பிடிக்கறது, வேணும், கெடைக்கறது, இதெல்லாம் நமக்கு வந்து சேர்றதாத்தான் சொல்றோம், நாம செய்யறதா இல்ல. ‘எனக்குத் தமிழ் தெரியும்’, ‘பாட்டிக்குக் கால் வலிக்குது’, ‘அவனுக்கு ரசம் பிடிக்கும்’.

தொல்காப்பியர் வரிய இங்க வச்சுப் பாருங்க, ‘எப்பொருள் ஆயினும் கொள்ளும் அதுவே’. எந்தப் பொருளா இருந்தாலும் அதை ஏத்துக்கறது எதுவோ அது. கொடுக்கற பக்கத்துலேர்ந்து சொல்லல, வாங்கிக்கற பக்கத்துலேர்ந்து சொல்றார். பணமா இருந்தாலும் வாங்கிக்கும், பசியா இருந்தாலும் வாங்கிக்கும். நன்னூல் இன்னும் விரிச்சு கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறைன்னு பட்டியல் போடுது, பகைக்குக்கூட ‘கு’ தான்.

இங்க்லீஷ்ல இப்ப கேஸ் மிச்சம் இருக்கா?

ஹீ, ஹிம், ஹிஸ். ஹூ, ஹூம். பெயர்ச்சொல்லுக்கு அந்தக் கடைசி ‘ஸ்’ மட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்க்லீஷ்ல நாலு வேற்றுமை முழுசா இருந்துச்சு, எல்லாம் தேஞ்சு போச்சு.

பேச்சுத் தமிழ்ல எட்டும் இருக்கா?

இருக்கு, உருவம் மாறியிருக்கு. ஐ ‘அம்மாவ’ன்னு தேஞ்சிருக்கு. ஆறாவதுல ‘அது’ பேச்சுல வராது, ‘அம்மாவோட பை’ன்னு சொல்றோம், மூணாவதுல வர்ற ஓடவும் இது மாதிரியே கேக்குது, ‘அம்மாவோட போனேன்’, ‘அம்மாவோட பை’, ரெண்டும் காதுக்கு ஒண்ணுதான், பக்கத்துல வர்ற சொல்லுதான் பிரிச்சுக் காட்டுது. ஏழாவதுல ‘கண்’ போயி ‘ல’ வந்துச்சு, மனுஷங்களுக்கு ‘கிட்ட’. அஞ்சாவதுக்கு ‘லேர்ந்து’, மனுஷங்கன்னா ‘கிட்டேர்ந்து’. அதனால பாடப் புத்தகத்துல ‘கண்’, ‘அது’ன்னு பாத்துட்டு இது நாம பேசற தமிழே இல்லன்னு பிள்ளைங்க நெனச்சுடாம, பேச்சு உருபையும் பக்கத்துல எழுதிக் காட்டிடுங்க.

வீட்ல நாங்களே எப்படிச் சொல்லிக் கொடுக்கறது? எங்களுக்கே தமிழ் அரைகுறைதான்.

அது போதும். ஒரே ஒரு கேள்விச் சொல்ல எடுத்துக்கங்க, ‘யாரு’. யாரு, யாரை, யாரால, யாருக்கு, யாருகிட்டேர்ந்து, யாரோட, யாருகிட்ட. இதுல ஏழு வேற்றுமையும் வந்தாச்சு, ‘டேய்’, ‘அம்மா’ன்னு கூப்பிட்டா எட்டாவது. ஜெர்மன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான், ‘யாரு ஃபால்’, ‘யாரை ஃபால்’, ‘யாருக்கு ஃபால்’னு கேள்விச் சொல்லையே பேரா வச்சுச் சொல்லித் தர்றாங்க, லத்தீன் பேரு அப்பறம்தான்.

காவடி முடிஞ்சு வீட்ல ஏழு கறி சமைக்கறப்ப பக்கத்துல பிள்ளைய வச்சுக்கிட்டுப் பேசுங்க. வாழ இலை யாருகிட்டேர்ந்து வாங்கினோம், யாருக்கு மொதல்ல போடணும், ரசத்தை எதுல ஊத்தினே, கோயிலுக்கு யாரோட போனே. பிள்ளை தப்பா ஒட்டினா நிறுத்தித் திருத்த வேணாம், சரியான வடிவத்துல நீங்க திருப்பிச் சொல்லிட்டுப் போயிட்டே இருங்க. மெட்ரோல போறப்பவும் விளையாடலாம், போர்ட் லூயிஸ்லேர்ந்து எந்த ஊருக்கு, க்யூர்பிப்புக்கு. ரோஸ் ஹில்ல யாரு ஏறினா, அந்தத் தாத்தா. யாரைப் பாத்து சிரிச்சார், உன்னை.

பரீட்சைல எந்தப் பேரை எழுதணும்?

தமிழ்த் தாள்ல கேள்வி தமிழ்ல இருந்தா ரெண்டாம் வேற்றுமை, நாலாம் வேற்றுமைன்னு எழுதி, பக்கத்துல உருபையும் எழுதுங்க: ‘நாலாம் வேற்றுமை, கு’. பள்ளிக்கூடத்துல டீச்சர் இங்க்லீஷ் பேருதான் வேணும்னு கேட்டா, இந்த நாலு போதும், அக்யூசடிவ் ஐ, டேடிவ் கு, ஜெனிடிவ் அது அல்லது உடைய, லோகேடிவ் இல் அல்லது கண். எழுதறப்ப ‘ல’, ‘ஓட’, ‘லேர்ந்து’ங்கற பேச்சு உருபு வேணாம், ‘இல்’, ‘உடைய’, ‘இலிருந்து’ன்னு எழுதணும். ஐ, கு ரெண்டுக்கும் பின்னாடி க, ச, த, ப வந்தா ஒற்று மிகும், ‘பாலைக் குடி’, ‘கடைக்குப் போ’, இதுக்குத்தான் பிள்ளைங்க அதிகமா மார்க் விடறாங்க.